சோப்பு டப்பாவுக்குள் முந்நூறு பாட்டு

மடுகரைக் கரும்புக் கொல்லை வரப்புகளில் வெட்டிய கருவேல விறகைக் கிரேஸ் மேரி வாசலில் தொப்பென்று போடுகிறாள். உள்ளங்கையில் முள் ஒடிந்து நிற்கிறது. அடுப்பில் வைத்துவிட்டுப் போன சோற்றுப் பானை, அரைவேக்காட்டோடு தரையில் உட்கார்ந்திருக்கிறது. பானை இருந்த இடத்தில் ஒரு இரும்புக் கம்பி செக்கச்செவேலென்று காய்கிறது. கரண்ட் போய்விட்டதால் ஈயம் பற்றவைக்கும் கருவி சூடாகவில்லையாம். வீட்டில் மிச்சமிருந்த விறகு முழுவதையும் அந்தக் கம்பிக்குத் தின்னக் கொடுத்திருக்கிறான் புருஷன் இன்னாசி. காலையில் உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையாமல், கம்பியால் ஈயத்தை உருக்கி, சோப்பு டப்பாவுக்குள் ஒயரை ஒட்டுகிறான். கரகரவென்று ஓர் இரைச்சல், பிறகு பாட்டு. அவன் வாயெல்லாம் பல்.

"ஒனக்கோசரந்தான் செஞ்சேன் மேரி. கார்டுல முந்நூறு பாட்டு கீது. நாளைலேர்ந்து இத்த கழுத்துல மாட்டிக்கினு வெறகு பொறுக்கு, அலுப்பே தெரியாது."

மேரி முள்ளைப் பல்லால் கடித்து இழுத்துத் துப்புகிறாள். பாடிக்கொண்டிருக்கும் டப்பாவை வாங்கி, அதன் கயிற்றை அவன் கழுத்திலேயே மாட்டுகிறாள். தன் தலையிலிருந்த சும்மாட்டை எடுத்து அவன் தலையில் வைத்து அழுத்துகிறாள்.

"அலுப்பு தெரியாதுல்ல? நீ போய்யா. முந்நூறும் பாடி முடிச்சப்புறம் வூட்டுக்கு வா."