நெய்ச்சோற்று நாள்

அஜீசா அக்காவின் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு பவானேஸ்வரி அழுதாள். கையை எடுத்தால் மகனே போய்விடுவான் என்பதுபோலப் பிடித்திருந்தாள்.

காலையில்தான் போலீஸ் வீட்டுக்கே வந்து மகன் தேவனைக் கொண்டுபோனது.

செங் வட்டாரத்துத் தொழிற்சாலையில் வேலை, மோட்டார் சைக்கிள் என்று ஒழுங்காக இருந்த பிள்ளை. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையாக, இலங்கையில் தனிநாடு கேட்டுச் சண்டை போட்ட, இங்கே தடைசெய்யப்பட்ட இயக்கத்தாரின் படத்தை ஃபேஸ்புக்கில் போட்டு, கீழே 'வீரவணக்கம்' என்று எழுதியிருந்தான். அந்தச் சண்டை முடிந்தபோது அவன் பாலர் பள்ளிப் பிள்ளை. அவனுக்கு என்ன தெரியும்?

சின்ன வயதிலிருந்து அவனைத் தெரிந்த, மரியாதைக்குரிய ஒருவர் ஸ்டேஷனுக்கு வந்து நாலு நல்ல வார்த்தை சொன்னால் உதவும் என்றார் வக்கீல்.

பவானிக்கு வேறு முகமே தோன்றவில்லை. அக்காவின் கணவர் கைருதீன் ஹாஜியாரின் துணிக்கடையை மலாக்காவில் தெரியாதவர் இல்லை. தேவன் தவழ்ந்த காலத்திலிருந்து புக்கிட் காத்திலில் இரண்டு குடும்பமும் அடுத்தடுத்த வீடு. வருடத்துக்கு ஒருநாள், இறந்துபோன தன் வாப்பாவுக்கும் தம்பிகள் இருவருக்கும் ஓதி, அக்கா நெய்ச்சோறு ஆக்குவார். முதல் தட்டு தேவனுக்குத்தான் வரும். வழித்துச் சாப்பிட்டுவிட்டு இன்னொரு தட்டு கேட்பான்.

விஷயத்தைச் சொன்னதும் அக்கா முக்காட்டை இழுத்துவிட்டு, கார் சாவியையும் எடுத்துவிட்டார். பவானி அதோடு வாயை மூடியிருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும்.

"பெரிய குத்தம் ஒண்ணும் இல்லக்கா. அவங்க என்ன கொள்ளக்காரங்களா? நம்ம ஜனத்துக்காகத் துப்பாக்கி தூக்குனவங்க. அடிச்சா திருப்பி அடிக்கத்தான்லா வேணும்."

அக்கா நடந்துவந்த இடத்திலேயே நின்றுவிட்டார்.

போலீஸ் என்றதும் பயந்துவிட்டார் என்றுதான் பவானி நினைத்தாள். ஒன்றும் ஆகாது அக்கா என்று கெஞ்சினாள்.

"நான் இந்தியாவுல பொறந்தவள்னு நெனச்சிருக்கே. இலங்கை. வாப்பாவும் தம்பிங்களும் பள்ளிவாசல்ல தலைய நிலத்துல வெச்சுத் தொழுதுகிட்டு இருந்தாங்க. பின்னால வந்து சுட்டாங்க. சின்னத் தம்பிக்கு ஆறு வயசு. துப்பாக்கி தூக்குனவங்கதான், பவானி."

மூன்று பேருக்கும் ஏன் ஒரே நாளில் ஓதுகிறார் என்று இத்தனை வருடத்தில் பவானி கேட்டதே இல்லை. சோறு நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல்லியிருக்கிறாள்.

மன்னிப்புக் கேட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பியிருக்க வேண்டும். ஆனால் பெற்ற வயிறு விடவில்லை. கம்பியைப் பிடித்த கை பிடித்தபடியே இருந்தது. தன்னையே வெறுத்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.

அக்கா வந்து அந்த விரல்களை மெல்லப் பிரித்துவிட்டு, கேட்டைத் திறந்தார்.

"வரேன், ஏறு. தேவன் தங்கமான புள்ள, அத எங்க வேணும்னாலும் சொல்றேன். அந்தப் படத்துல இருக்கறவங்களப் பத்திக் கேட்டா மட்டும், பொய் சொல்ல மாட்டேன்."

அதைத்தான் முதலில் கேட்பார்கள். பவானிக்கும் அது தெரியும்.

காரில் ஏறி உட்கார்ந்தாள். கூப்பிட வேறு யாரும் இல்லை.