வலது கை

வார்சாவில் இருபது வருடமாக ஓவிய வகுப்பு நடத்திவந்த கஸ்பர், மாணவர்களின் தவறுகளை வாயால் சொல்லமாட்டார். தூரிகையை வாங்கி அவரே திருத்திவிடுவார். லுட்விகா வரைந்த சலவைக்காரியின் வலது கையையும் அப்படித்தான் அழித்துவிட்டு, வகுப்பில் மாதிரிக்கு வைத்திருந்த பிளாஸ்டர் கைச் சிலையைப் பார்த்துப் புதிதாகத் தீட்டினார்.

இன்று அந்தப் படத்தின் முன்னால் நடுவர் நின்றார். மியூனிக் ஓவியக் கல்லூரியில் படிக்க ஒருவரைத்தான் தேர்ந்தெடுத்து அனுப்புவார்கள்.

"முகத்துல உயிர் இருக்கு. இடது கையில ஈரம்கூடத் தெரியுது. இந்த வலது கை மட்டும் ஏன் செத்துக் கிடக்கு?"

லுட்விகா கஸ்பரைப் பார்த்தாள். முப்பது வயதில் அவரும் இதே மியூனிக்குக்குப் படம் அனுப்பியவர். அன்றும் கைகளைத்தான் குறை சொன்னார்கள்.

"நானும் எத்தனையோ தடவை சொல்லிட்டேன். கேட்டாத்தானே?" என்றார் கஸ்பர்.

நடுவர் சிரித்துக்கொண்டே அடுத்த படத்துக்குப் போய்விட்டார்.

பெரியவர்களிடம் விடைபெறும்போது அந்த ஊரில் கையில் முத்தமிடுவார்கள். லுட்விகா கஸ்பரின் வலது கையை எடுத்து, குனிந்து, முறைப்படி முத்தமிட்டாள். பிறகு படியிறங்கிப் போனாள்.

அவள் விட்ட இடத்திலேயே அந்தக் கை வெகுநேரம் நீண்டபடி இருந்தது.