மூன்றாம் வரிசைக் கத்திரிக்காய்

சென்னையிலிருந்து ஆய்வுக்கு வந்திருந்த அதிகாரி சுடர்விழி மூன்றாவது வரிசையில் நின்று ஒரு கத்திரிக்காயைத் தொட்டார்.

காய் கையோடு வந்துவிட்டது.

கூடவே ஒரு சாண் வெள்ளை நூலும் வந்தது.

வரப்பில் நின்ற இருபது பெண்களும் மூச்சை அடக்கிக்கொண்டார்கள். திட்ட ஒருங்கிணைப்பாளர் சதீஷ் எடுத்துக்கொண்டிருந்த வீடியோவை நிறுத்தினார்.

அறுபது சென்ட் ஊர்ப் பொதுநிலம் அது. தை மாதம் 'சமுதாயக் காய்கறித் தோட்டம்' என்று பலகை நட்டு, ரிப்பன் வெட்டி, போர் போட்டார்கள். மோட்டார் அடுத்த வாரம் வரும் என்றார்கள்.

இப்போது பங்குனி முடியப் போகிறது. மோட்டார் வரவில்லை. போர்க்குழாயின் வாயை ஒரு கொட்டாங்கச்சி மூடியிருந்தது.

வாய்க்காலில் தண்ணீர் தையோடு நின்றுபோனது. பெண்கள் தெருக்குழாயிலிருந்து ஆளுக்கு எட்டுக் குடம் சுமந்தார்கள். செடி முழங்கால் உயரம் வந்தது. பிஞ்சு மட்டும் பிடிக்கவில்லை.

நாலு மனு கொடுத்தார்கள். நாலாவது மனுவை, குழுவில் ஒருத்தியான அம்சம், தானே பஸ் ஏறி மாவட்ட ஆபீசுக்குப் போய்க் கொடுத்தாள். ஆய்வுக்கு மேலிடத்திலிருந்து ஆள் வருவார்கள், அவர்களிடமே சொல்லிக்கொள்ளுங்கள் என்று அங்கே சொல்லி அனுப்பினார்கள்.

அந்த ஆய்வுதான் இது.

காலை ஆறு மணிக்கே சதீஷ் வந்து இறங்கினார். தஞ்சாவூர் மார்க்கெட்டிலிருந்து இரண்டு சாக்கு காய்கறி, ஒரு நூல்கண்டு. மாவட்டத்திலேயே நம் தோட்டத்துக்குத்தான் முதல் பரிசு, மேடம் வந்து பார்த்துவிட்டுப் போகிற வரைக்கும் யாரும் மோட்டார் பேச்சை எடுக்கக்கூடாது என்றார். காயைக் கட்டித் தொங்கவிடுவது பொய்யில்லையா என்று தோட்டக் குழுத் தலைவி ஞானாம்பாள் கேட்டதற்கு, கல்யாண வீட்டு வாசலில் வாழைமரம் கட்டுகிறோமே, அது அங்கேயா முளைத்தது என்று திருப்பிக் கேட்டார்.

வரிசைகளை ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக்கொண்டார்கள். கட்டினார்கள்.

எட்டு மணிக்குள் தோட்டம் காய்த்துவிட்டது. பந்தலில் பாகல், புடலை. பச்சைக் கத்திரி என்று எழுதிய பாத்தியில் ஊதாக் கத்திரி. யாரோ அவசரத்தில் வெண்டைச் செடியில் கட்டியிருந்த ஒரு முள்ளங்கியை ஞானாம்பாள் கடைசி நேரத்தில் பார்த்து அவிழ்த்தாள்.

இப்போது அதிகாரியின் கையில் காய். காயில் நூல்.

அவர் நூலைப் பார்த்தார். செடியைப் பார்த்தார். பிறகு, பக்கத்தில் நின்ற அம்சத்தைப் பார்த்தார்.

அம்சம் வார்த்தையைத் தயாராக வைத்திருந்தாள். தண்ணி இல்லைங்க மேடம். இது என்ன என்று அந்தம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும். சதீஷ் முறைத்தாலும் சரி, குழுவிலிருந்து பேரை எடுத்தாலும் சரி, நாலு மனுவையும் ஒப்பித்துவிடுவாள்.

அந்தம்மா கேட்கவில்லை.

நூலை விரலில் சுற்றி, உருட்டி, தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். கத்திரிக்காயை அம்சத்தின் உள்ளங்கையில் வைத்து, அவள் தோளை அணைத்தபடி காமிராவைப் பார்த்துச் சிரித்தார். முதல் அறுவடை என்று படத்துக்குக் கீழே போடச் சொன்னார்.

பிறகு சதீஷ் பக்கம் சாய்ந்து, தாழ்ந்த குரலில் பேசினார். அம்சத்துக்கு நன்றாகவே கேட்டது.

"அடுத்த தடவை பச்சை நூல் வாங்குங்க சதீஷ். வெள்ளை போட்டோல தெரியும்."

சதீஷ் குறித்துக்கொண்டார்.

உதவியாளரை அழைத்து அதிகாரி அங்கேயே அறிக்கை சொன்னார். மோட்டார் வசதி இல்லாமலேயே இந்தத் தோட்டம் அபாரமாகக் காய்த்திருக்கிறது. எனவே இதற்கு ஒதுக்கிய மோட்டாரை, காய்ப்பே இல்லாத வேறொரு தோட்டத்துக்கு மாற்றித் தரலாம்.

சதீஷ் கை தட்டினார். அவர் தட்டியதால் பெண்களும் தட்டினார்கள். அம்சத்தின் கையில் கத்திரிக்காய் இருந்ததால் அவளால் தட்ட முடியவில்லை.

கார் போன புழுதி அடங்கும் முன்பே ஞானாம்பாள் அவளிடம் வந்தாள்.

"ஏன் அம்சம், ஒரு காயைக் கட்டச் சொன்னா இப்படியா கட்டுவ? அந்தம்மா நல்லவங்களா இருக்கப்போய் மானம் பொழச்சுது."

அம்சம் காயைப் பாத்தி ஓரத்தில் வைத்துவிட்டுக் குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். வெயில் ஏறுவதற்குள் எட்டு நடை நடக்க வேண்டும்.

அவள் தெருமுனை திரும்பிய பிறகுதான் ஞானாம்பாளுக்கு உறைத்தது. மேடம் நின்று போட்டோ எடுக்கப்போகிற மூன்றாவது வரிசையை நான் கட்டுகிறேன் என்று காலையில் அம்சமாகத்தான் கேட்டு வாங்கியிருந்தாள்.

அம்சம் பூதலூர் ஸ்டேஷன் வாசலில் இருபத்திரண்டு வருஷமாகப் பூக்கட்டி விற்கிறவள். அவள் போட்ட முடிச்சு தானாக அவிழாது. அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.