கணவாயில் ஒரு கத்தரிக்கோல்

மோன் பிளாங் மலையைச் சுற்றி ஓடும் பந்தயத்தின் மூன்றாம் நாள். கணவாய்க் கூடாரத்தின் மஞ்சள் வெளிச்சத்தில் க்ளெமான்ஸ் ஷூவைக் கழற்றுகிறாள்; குதிகால் தோல் காலுறையோடு உரிந்து வருகிறது. வெளியே மூடுபனிக்குள் மாட்டு மணிகள் ஒலிக்கின்றன. மார்பில் குத்தியிருந்த எண் அட்டையைக் கழற்றி நீட்டுகிறாள். அதை வெட்டிவிட்டால் அவள் ஓட்டம் முடிந்தது. "வெட்டிடுங்கக்கா." ஓட்டக்காரர்களுக்குச் சூப் ஊற்றும் சொலான்ஜ் கரண்டியை வைத்துவிட்டுக் கத்தரிக்கோலை எடுக்கிறாள். "மூச்சு முட்டுதா?" "இல்லக்கா, குதிகால்தான்." சொலான்ஜ் அட்டையைத் தொடவில்லை. ஷூவை எடுத்து அதன் பின்பக்கத்தைச் சரக்கென்று வெட்டுகிறாள். "ஐயையோ, புது ஷூக்கா!" "உன் குதிகாலும் புதுசாத்தான்டி இருந்துச்சு." க்ளெமான்ஸுக்கு அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்துவிடுகிறது. சொலான்ஜ் குதிகாலுக்குக் கட்டுப் போட்டுவிட, அந்தக் காலை ஷூவுக்குள் நுழைத்து எழுந்து நிற்கிறாள் க்ளெமான்ஸ். "வலிக்குதா?" "வலிக்குதுக்கா," என்கிறாள், அட்டையை மறுபடி மார்பில் குத்தியபடியே.