போடட்டுமா?

கார் ஷெட்டில் நான் நடத்தும் பட்டறைக்கு வீட்டு மின்சாரம்தான். வெல்டிங் மெஷினைப் போட்டால் வீட்டில் வேறெதுவும் ஓடக்கூடாது. ஓடினால் ஃபியூஸ் போய்விடும். அதனால் ஒவ்வொரு முறையும் "போடட்டுமா?" என்று உள்ளே பார்த்துக் கத்துவேன். "மாவு ஆட்டுறேன், சும்மா இருங்க" என்பாள் தவமணி. ஊருக்கெல்லாம் கேட் செய்து கொடுக்கிற முதலாளி, மனைவியின் கிரைண்டர் நிற்கும்வரை கைகட்டி நிற்பேன்.

இப்போது கிரைண்டர் ஓடுவதில்லை. மூக்கில் குழாயோடு படுத்திருக்கும் அவளுக்காக ஆக்சிஜன் மெஷின்தான் ஓயாமல் ஓடுகிறது. அது ஓடும்வரை ஷெட் பல்பு மங்கித்தான் எரியும். அவள் பிடித்துக்கொண்டு கழிவறைக்குப் போக ஒரு கைப்பிடி செய்கிறேன். ஒரே ஒரு இடத்தில் வெல்டிங் பாக்கி. வெளியே கொடுக்கலாம் என்றால், பட்டறைக்காரன் பெண்டாட்டிக்கு அடுத்தவன் வெல்டிங் வைப்பதா என்று அவளே தடுத்துவிட்டாள்.

இன்று வெல்டிங் முகமூடியை மாட்டினேன், கழற்றினேன். கத்த வாய் வரவில்லை.

"என்னங்க, சத்தத்தையே காணோம்?"

"வெல்டிங் ராடு தீந்துபோச்சு."

"கட்டிலுக்கடியில கட்டு கட்டா கெடக்கு. பொய்யாவது ஒழுங்கா சொல்லுங்க." மூச்சு வாங்கினாள். "மெஷின நிறுத்துறேன். சட்டுனு வச்சிருங்க."

"வேண்டாம் தவமணி" என்று நான் சொல்லி முடிப்பதற்குள், ஷெட்டில் மங்கலாக எரிந்துகொண்டிருந்த பல்பு பளிச்சென்று பிரகாசமானது.