திரையில் மட்டும் முப்பதாயிரம்

வேலை கிடைத்துவிட்டது.

மடிக்கணினியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். ஓடிவிடப் போகிறதா என்ன? ஆனாலும் பிடித்துக்கொண்டாள்.

சென்னைக் கம்பெனியின் பக்கம் திறந்திருந்தது. மேலே அவள் பெயர். அதன் கீழே, வெப் டெவலப்பர். படித்தாள். இன்னொரு முறை படித்தாள். சந்தோஷத்தில் கால் தரையில் நிற்கவில்லை.

அப்புறம்தான் சம்பளத்தைப் பார்த்தாள்.

மாதம் பதினைந்தாயிரம்.

கால் தரைக்கு வந்தது.

பயிற்சி என்று சொல்லி அதே கம்பெனி அவளிடம் மாதக்கணக்கில் வேலை வாங்கியிருந்தது. அதற்குச் சம்பளமே கிடையாது. அவர்களுடைய பஸ் டிக்கெட் பதிவுப் பக்கம் முழுக்க அவள் எழுதியது. ஈரோட்டில் இந்த வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துதான் எழுதினாள். ஊர் ஊராக ஆட்கள் அதில் டிக்கெட் எடுக்கிறார்கள். பொங்கல் கூட்டத்தில்கூட அது திணறிப் படுத்துவிடவில்லை.

பதினைந்தாயிரத்தில் சென்னையில் ஹாஸ்டலுக்குக் கட்டிவிட்டால் மிச்சம் சாப்பாட்டுக்கே இழுக்கும்.

கீழே ‘சம்மதம்’ என்று ஒரு பச்சைப் பொத்தான்.

அழுத்தவில்லை.

அவளைப் போன்றவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பிரவுசரில் திறந்த பக்கத்தைக் குடைந்து, அதிலுள்ள எழுத்தை மாற்றிப் பார்ப்பார்கள். மாற்றியது அவரவர் திரையில் மட்டும்தான் தெரியும். உலகத்தில் ஒன்றும் மாறாது. கல்லூரியில் தன் மதிப்பெண்ணை இப்படி நூறாக்கி, வெகுநேரம் ரசித்துக்கொண்டிருந்தவள் அவள்.

இப்போதும் குடைந்தாள்.

பதினைந்தை அழித்தாள். முப்பது என்று அடித்தாள்.

அடேயப்பா, என்ன அழகு!

கம்பெனியே கொடுத்த மாதிரி இருந்தது. தனியாகச் சிரித்துக்கொண்டாள்.

“முப்பதாயிரமா!”

பின்னால் அண்ணி. ஜவுளிக்கடை வேலைக்குக் கிளம்பி, கடையின் நீலச் சேலையில் நின்றிருந்தாள். இவள் கன்னத்தைக் கிள்ளினாள். கையோடு அண்ணனுக்குச் சொல்லப் போனை எடுத்தாள்.

இவளுக்கு வியர்த்துவிட்டது. பாய்ந்து அந்தக் கையைப் பிடித்தாள். சம்பளம் பதினைந்துதான் என்றாள். முப்பது, தான் விளையாட்டுக்கு அடித்தது என்றாள். சொல்லும்போதே மானம் போனது.

அண்ணி திரையைப் பார்த்தாள். சிரிக்கவில்லை.

“நீயே எழுதுனதா? அப்புறமென்ன கண்ணு, அவங்களையும் அப்படியே எழுதச் சொல்லு.”

சொல்லிவிட்டு ஒரு காலில் செருப்பை மாட்டினாள். மறு காலில் மாட்டாமல் வாசலிலேயே நின்றாள்.

அப்படியே எழுதச் சொல்வதா! கேட்கப்போய் இருக்கிற வேலையும் போய்விட்டால்? இந்த வேலைக்கு வரிசையில் நிற்பவர்கள் கொஞ்சநஞ்சமா?

போனைக் கையில் எடுத்தாள். பயமா, ஆசையா? இரண்டும்தான்.

கம்பெனியின் எண்ணை அழுத்தினாள். ஹெச்.ஆர். மேடம் எடுத்தார்.

முதலில் குரல் நடுங்கியது. டிக்கெட் பக்கத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் நடுக்கம் நின்றது. தான் எதை எதை எழுதினாள், எது பொங்கலில் தாங்கியது, எல்லாவற்றையும் சொன்னாள். முப்பது வேண்டும் என்றாள். ஆறு மாதம் கழித்து வேலையைப் பார்த்துச் சம்பளத்தை ஏற்ற வேண்டும் என்றும் சேர்த்துக்கொண்டாள். அது எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியாது.

மேலே கேட்டுச் சொல்கிறேன், லைனில் இருங்கள் என்றார் மேடம். போனில் ஏதோ பாட்டு ஓடியது. போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

பாட்டு நின்றது.

“இருபத்திரண்டு தரலாம். உங்களுக்கு ஓகேவா?”

இருபத்திரண்டு! ஒரே போனில் ஏழாயிரம்! துள்ளிக் குதிக்க வேண்டும் போலிருந்தது. சரி மேடம் என்று சொல்ல வாயெடுத்தாள்.

பொங்கல் கூட்டம் நினைவுக்கு வந்தது.

வாயை மூடிக்கொண்டாள்.

“ஹலோ? லைன்ல இருக்கீங்களாம்மா?”

“இருக்கேன் மேடம்.”

அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

பாட்டு மறுபடி ஓடத் தொடங்கியது.