கேள்வி கேட்க வந்தவள்

அவர் பேட்டிக்குச் சட்டென்று ஒப்புக்கொண்டதே அவளுக்கு உறுத்தியது.

மற்ற வீடுகளில் கெஞ்ச வேண்டியிருந்தது. டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை, பல்கலைக்கழகத்தில் இலக்கியம் படிக்கிறவளுக்கு எங்கள் நோயைப் பற்றி என்ன என்று கேட்டார்கள். புற்றுநோய் வந்தவர்கள் தங்கள் கதையை எப்படிச் சொல்கிறார்கள் என்பதுதான் அவளுடைய ஆய்வு.

ஞானதிரவியம் எதுவும் கேட்கவில்லை. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நாற்காலியை அவளுக்கு நேரெதிரே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அவர் மனைவி எஸ்தர் அவளை வாசலிலேயே நிறுத்தியிருந்தாள். வயிற்றுப் புண் என்றுதான் அவரிடம் சொல்லியிருக்கிறதாம்; ஆய்வும் பொதுவாக நோயாளிகளைப் பற்றியது என்றே. அந்த வார்த்தை மட்டும் உன் வாயிலிருந்து வந்துவிடக் கூடாது என்றாள்.

அவளும் தலையாட்டியிருந்தாள்.

அவர் பேசினார். முதலில் பசி போனது. பிறகு பெல்ட்டில் புது ஓட்டை. பிறகு திருநெல்வேலி ஆஸ்பத்திரி.

கண் அவள் முகத்தை விட்டு நகரவில்லை.

ஒவ்வொன்றாகச் சொல்லி நிறுத்தினார். அவள் புருவம் அசைகிறதா என்று பார்த்தார். வாந்தியில் ரத்தம் வந்ததைச் சொன்னபோது இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

கதை சொல்கிறவர்கள் இப்படிப் பார்ப்பதில்லை.

டிக்கெட் எடுக்காதவனைத் தேடும் பார்வை அது.

அவள் குனிந்து, போனில் ரெக்கார்டர் ஓடுகிறதா என்று பார்ப்பதுபோல் பார்த்தாள்.

அவர் குரலைத் தாழ்த்தினார்.

“என்னய மாதிரி நெறைய பேர்ட்ட கேட்டிருப்ப, தாயி. அதுல எத்தன பேரு இப்ப இருக்காவ?”

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது.

எதிரில் இருப்பவர் மௌனமானால் அவசரப்பட்டு அதை நிரப்பாதே என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். மௌனமும் பதில்தான். காத்திரு.

மௌனம் தன்னுடையதாக இருந்தால் என்ன செய்வது என்று சொல்லவில்லை.

எல்லாரும் நன்றாக இருக்கிறார்கள் என்று சொல்ல வாயெடுத்தாள். மறுபடி போனைப் பார்த்தாள்.

அவர் காத்திருந்தார்.

பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

எஸ்தர் காப்பியோடு வந்தாள். டம்ளரை நீட்டும்போதே இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“இந்தப் பிள்ளையும் அதத்தான் சொல்லுது, எஸ்தரு. புண்ணு ஆறிருமாம்.”

வந்தவள் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

எஸ்தர் முதல் முறையாக அவளைப் பார்த்துச் சிரித்தாள். சீனி போதுமா என்று கேட்டாள்.

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.